மாட்டுப்பட்டியும் சுண்ணாம்புக் காளவாயும்: லிட்டில் இந்தியா உருவான கதை

பொங்கல் வந்தால் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் உள்ள கேம்பல் லேனில் சில மாடுகளையும் ஆடுகளையும் கொண்டுவந்து கட்டுகிறார்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று பார்க்கிறார்கள், தொடப் போய்ப் பயந்து கையை இழுத்துக்கொள்கிறார்கள். அப்போது பலருக்கும் எழும் கேள்வி ஒன்று உண்டு. நகரத்தின் நடுவில் இருக்கும் இந்த இடத்துக்கும் மாட்டுக்கும் என்ன சம்பந்தம்? சாலையைக் கடந்தால் பஃபலோ ரோடு. அதற்கு அடுத்தது கெர்பாவ் ரோடு. மலாயில் கெர்பாவ் என்றாலும் எருமைதான். பக்கத்துப் பக்கத்துத் தெருக்களுக்கு இரண்டு மொழியில் ஒரே விலங்கின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

பொதுவாகக் கிடைக்கும் பதில், "இது இந்தியர்கள் குடியேறிய பகுதி, அதனால் மாடு வளர்த்தார்கள்" என்பது. இது கதையை வால்பக்கத்திலிருந்து சொல்வது. சூளையும் காளவாயும் மாட்டுப்பட்டியும் முதலில் வந்தன. அவற்றில் வேலை செய்ய ஆட்கள் வந்தார்கள். அந்த ஆட்களுக்குச் சாப்பாடும் துணியும் கோயிலும் பள்ளிவாசலும் தேவைப்பட்டன. புடவைக்கடையும் நகைக்கடையும் பூக்கடையும் வரிசையில் கடைசியில்தான் வருகின்றன.

யாரும் ஒதுக்கிக் கொடுத்த இடமில்லை

1822இல், சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியிருப்பை நிறுவிய ராஃபிள்ஸ் வகுக்கச் சொன்ன நகரத் திட்டத்தில் ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் இடம் குறித்தார்கள். தென்னிந்தியர்களுக்கான 'சூலியா கம்போங்' சிங்கப்பூர் ஆற்றை ஒட்டி இருந்தது. சூலியா ஸ்திரீட், மார்க்கெட் ஸ்திரீட், சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் என்று ஆரம்பகாலத் தமிழர் புழங்கியதெல்லாம் ஆற்றின் தென்பக்கத்தில்தான். செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கிகள் அங்கேதான். பால் கடைகள் இருந்ததால் கிராஸ் ஸ்திரீட்டைத் தமிழர்கள் 'பால்கடைச் சடக்கு' என்று அழைத்தார்கள்.

சிராங்கூன் சாலையை அந்தத் திட்டம் இந்தியர்களுக்கென்று குறிக்கவே இல்லை. ஊரிலிருந்து தீவின் உட்பகுதிக்குப் போகும் ஒரு பாதையாகத்தான் அது இருந்தது. இருபக்கமும் சதுப்பு, புல், காய்கறித் தோட்டம். ஊருக்கு வெளியே இருந்தது என்பதை மறக்காமல் வைத்துக்கொண்டால் மீதிக் கதை சுலபமாகப் புரியும். புகையும் நாற்றமும் தூசியும் கிளப்பும் தொழில்களை எந்த ஊரும் எல்லைக்கு வெளியே தள்ளித்தான் வைக்கும்.

'லிட்டில் இந்தியா' என்ற பெயரோ மிக இளையது. சுற்றுலாவை ஒட்டி 1980களில் பரவி, 1989இல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டபோது நிலைத்தது. நம் வீடுகளில் இன்றும் 'தேக்கா' என்றுதான் சொல்கிறோம். அதுவும் தமிழ்ச் சொல் இல்லை. 'சிறு மூங்கிலின் அடி' என்று பொருள்படும் ஹொக்கியன் சொல்லிலிருந்து வந்தது.

சில சொற்கள்

பழைய பதிவுகளிலும் பெரியவர்கள் பேச்சிலும் வரும் சொற்களில் நான்கைந்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கம்பம்: மலாய்க் 'கம்போங்' தமிழ் வாயில் இப்படி ஆனது. குடியிருப்பு என்று பொருள். தேனிப் பக்கத்துக் கம்பத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சடக்கு: சாலை. சிங்கப்பூர், மலேசியத் தமிழில் ஒரு காலத்தில் அன்றாடச் சொல்.

காளவாய்: சுண்ணாம்பு சுடும் சூளை. செங்கல் சுடுவதைச் சூளை என்றும், சுண்ணாம்பு சுடுவதைக் காளவாய் என்றும் பிரித்துச் சொல்வது வழக்கம்.

கங்காணி, மண்டோர்: இரண்டுமே ஆட்களை மேய்ப்பவரைக் குறிக்கும். கங்காணி ஊருக்குப் போய் ஆள் சேர்த்துக்கொண்டும் வருவார். மண்டோர் வேலையிடத்தில் நின்று விரட்டுபவர்.

கிராணி: எழுத்தர். கணக்கும் வருகைப் பதிவும் இவர் கையில்.

தொழில் வட்டாரம் என்றதும் உயரமான புகைபோக்கியும் இரும்பு இயந்திரமும் நினைவுக்கு வரும். இந்தக் கட்டுரையில் அப்படிப் பொருள்கொள்ள வேண்டாம். மூலப்பொருளும் இயக்கும் சக்தியும் வேலையாட்களும் ஒரே இடத்தில் சேர்ந்து, ஒரு தொழிலின் கழிவு பக்கத்துத் தொழிலுக்குத் தீனியானால் அது தொழில் வட்டாரம்தான். இங்கே இயக்கும் சக்தி பெரும்பாலும் நான்கு காலில் நின்றது.

சுண்ணாம்பும் செங்கல்லும்

சிராங்கூன் சாலையில் இருக்கும் ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலைப் பழைய தமிழர்கள் 'சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்' என்று சொன்னார்கள். அந்தப் பக்கத்தில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. மலாய்க்காரர்களும் தங்கள் மொழியில் அதையே சொன்னார்கள்: கம்போங் கப்போர். கப்போர் என்றால் சுண்ணாம்பு. அந்தப் பெயர் இன்றும் ஒரு தெருவுக்கும் ஒரு தேவாலயத்துக்கும் இருக்கிறது. தமிழ்ப் பெயர்தான் பேச்சிலிருந்து நழுவிவிட்டது.

சுண்ணாம்பு எதற்கு? சிமெண்ட் பரவுவதற்கு முன் செங்கல்லைச் செங்கல்லோடு ஒட்டவைத்ததும், சுவரைப் பூசியதும், வெள்ளையடித்ததும் சுண்ணாம்புதான். வளரும் துறைமுக நகரத்துக்கு அது எவ்வளவு வேண்டியிருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தீவில் சுண்ணாம்புக்கல் மலை கிடையாது. சுற்றியிருந்த கடலில் பவளப்பாறை இருந்தது. அதை உடைத்துப் படகில் கொண்டுவந்து சுட்டார்கள்.

சுடும் விதம் இதுதான். பவளக்கல்லையும் விறகையும் மாறி மாறி அடுக்கி நெருப்பு வைப்பார்கள். வெப்பம் ஏற ஏறக் கல்லிலிருந்து கரிவளி பிரிந்து போகும். எஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் ஊற்றினால் சீறிக் கொதித்துப் பொடியும். இதை 'நீற்றுதல்' என்பார்கள். நீற்றிய பிறகுதான் கட்டடத்துக்கு ஆகும். கல் உடைக்க, அடுக்க, இரவும் பகலும் தீ பார்க்க, நீற்ற, சலிக்க, சுமக்க என்று ஒரு காளவாய்க்குப் பல கைகள் வேண்டும். சுட்ட சுண்ணாம்பு வியர்வை ஈரத்தில் பட்டால் தோல் வெந்துவிடும். கண்ணில் விழுந்தால் பார்வையே போகலாம். வெள்ளைவெளேரென்ற அந்தக் காலத்துக் கட்டடங்களின் படங்களைப் பார்க்கும்போது இதையும் சேர்த்து நினைத்துக்கொள்வது நல்லது.

சுண்ணாம்பில் உச்சம் என்றால் 'மதராஸ் சுண்ணாம்பு'. 1862இல் திருநிலைப்படுத்தப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உட்புறச் சுவர்களுக்கு இதைத்தான் பூசினார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் வெல்லமும் சேர்த்து அடித்துக் களியாக்கி, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரை விட்டுக் கலப்பார்கள். பூசிக் காய்ந்த பின் வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவார்கள். அவ்வப்போது மாக்கல் பொடியையும் தூவிக்கொள்வார்கள். முட்டையும் வெல்லமும் போட்டுச் செய்த பதார்த்தம் சுவரில் போய் நிற்பது வேடிக்கைதான். செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த முறை புதிதாக இருக்காது.

இந்த வேலையைச் செய்தவர்கள் யார்? தேவாலயத்தைக் கட்டியவர்கள், ஆங்கிலேயர் நாடுகடத்திக் கொண்டுவந்த இந்தியக் கைதிகள். 1825 ஏப்ரலில் சுமத்ராவின் பென்கூலனிலிருந்து 80 மதராஸ் கைதிகள் முதலில் வந்திறங்கினார்கள். அடுத்து வங்காளக் கைதிகள் வந்தார்கள். சாலை போட, சதுப்பை மேடாக்க, பாலம் கட்ட, கட்டடம் எழுப்ப என்று அரை நூற்றாண்டு சிங்கப்பூரின் பொதுப்பணி இவர்கள் தோளில்தான் நடந்தது. பிராஸ் பாசா பக்கம் இருந்த சிறையில் நெசவு, தச்சு, கொல்லு என்று தொழில் பழக்கினார்கள். கைதிகளிலிருந்தே காவலர்களைத் தேர்ந்தெடுக்கும் வழக்கமும் இருந்தது. காவலரான கைதி, புதுக் கைதியை வேலை வாங்குவார்.

செங்கல் கதையில் தமிழர் இன்னும் முன்னதாகவே வந்துவிடுகிறார்கள். 1819இல் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, தஞ்சோங் பகார் பக்கம் செங்கல் சூளை போட்டார். மாரியம்மன் கோயிலைத் தொடங்கியவரும் அவர்தான். சிராங்கூன் சாலைச் சூளைகள் பின்னால் வந்தவை. அந்தப் பக்கத்துக் களிமண் செங்கலுக்கு வாகானது. 1850களின் இறுதியில் அரசே அங்கே கைதிகளை வைத்துச் சூளை நடத்தியது. அந்தச் செங்கலுக்கு 1867இல் ஆக்ரா கண்காட்சியில் பதக்கம்கூடக் கிடைத்தது. அறுத்தவர்கள் பெயர் எந்தப் பதக்கத்திலும் இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1873இல் கைதிகள் முறை இங்கே முடிவுக்கு வந்து, மிஞ்சியிருந்தவர்களை அந்தமானுக்கு மாற்றினார்கள். ஆனால் அதற்கு முன்பே தண்டனை முடிந்தவர்கள் பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். கையில் தொழில் இருந்தது. மாடு வளர்க்கவும் வண்டி ஓட்டவும் இறங்கினார்கள். சிராங்கூன் சாலை கூப்பிடு தூரத்தில் இருந்தது.

தண்ணீர், புல், எருமை

எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் குறைவு. உச்சிவெயிலில் உடம்பைக் குளிர்விக்கச் சேற்றிலோ தண்ணீரிலோ கிடந்தாக வேண்டும். மற்ற மாடுகளுக்கும் குடிக்கத் தண்ணீரும் மேயப் புல்லும் வேண்டும். ரோச்சோர் ஆற்றை ஒட்டிய சதுப்பு நிலம் இவை எல்லாவற்றையும் இலவசமாகத் தந்தது. மற்றவர்களுக்குக் கொசுக்காடு, மாட்டுக்காரருக்குச் சொர்க்கம். நிலமும் மலிவு. 1851இல் பெருமாள் கோயிலுக்காகச் சிராங்கூன் சாலையில் ஒரு நிலத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து 26 ரூபாய் 8 அணாவுக்கு வாங்கியிருக்கிறார்கள்.

இப்படித்தான் 'கண்டாங் கெர்பாவ்' வந்தது. எருமைப்பட்டி என்று பொருள். பின்னால் காவல் நிலையம், சந்தை, மருத்துவமனை எல்லாவற்றுக்கும் இதே பெயர் ஒட்டிக்கொண்டது. 1966இல் மட்டும் அந்த மருத்துவமனையில் 39,835 குழந்தைகள் பிறந்தன. அது அப்போது கின்னஸ் சாதனை. 'கேகே'யில் பிறந்தேன் என்று சொல்லும் ஒவ்வொருவரும் எருமைப்பட்டியில் பிறந்தேன் என்றுதான் சொல்கிறார், இரண்டு எழுத்தில் சுருக்கிக்கொண்டு.

மாட்டு வணிகத்தில் பெரிய பெயர் ஐ. ஆர். பெலிலியோஸ். கல்கத்தாவிலிருந்து வந்த யூத வணிகர். இறைச்சித் தொழிலில் பெரிய பெயர் டெஸ்கர், மலாக்காவிலிருந்து வந்த யூரேசியர், அதாவது ஐரோப்பிய-ஆசியக் கலப்பு வழியினர். இருவர் பெயரிலும் தெருக்கள் இருக்கின்றன. முதலாளிகளுக்குத் தெரு கிடைத்தது. மாட்டைக் கழுவியவர்களுக்குக் கிடைத்தது லெம்பு ரோடு, அதாவது மாட்டின் பெயர்.

ஒரு மாட்டைச் சுற்றி எத்தனை பேர்

இனி அந்தப் பட்டிகளைச் சுற்றி என்னென்ன வேலை இருந்தது என்று பார்ப்போம். மாட்டின் வாழ்நாளை அப்படியே பின்தொடர்ந்து போனால் வேலைகள் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும்.

1. இழுவை. துறைமுகத்திலிருந்து கிடங்குக்கு, கிடங்கிலிருந்து கடைக்கு என்று சரக்கை நகர்த்தியதில் மாட்டுவண்டிக்குப் பெரும் பங்கு உண்டு. சாலையில் தூசி அடங்கத் தண்ணீர் தெளித்ததும், வீடுகளுக்குக் குடிநீர் கொண்டுபோனதும் வண்டிதான். சைனாடவுனின் 'கிரேத்தா ஆயர்' என்ற பெயரே தண்ணீர் வண்டி என்பதுதான். வண்டி என்றால் வண்டிக்காரர் மட்டுமில்லை. தார்ச்சாலையிலும் கல்சாலையிலும் நடக்கும் காளைக்கு லாடம் அடிக்க ஒருவர். மாட்டைக் கயிற்றால் கட்டிக் கீழே சாய்த்து, காலை மடக்கிப் பிடித்துக்கொள்ள இன்னும் இருவர். பிளந்த குளம்பு என்பதால் ஒவ்வொரு காலுக்கும் இரண்டு சிறு தகடு வேண்டும், குதிரையைப் போல ஒன்று போதாது. அப்புறம் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடும் கொல்லர், ஆரக்காலும் நுகத்தடியும் செதுக்கும் தச்சர், கயிறு திரிப்பவர், புல்லறுத்துக் கட்டாக விற்பவர்.

2. பால். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் பால் சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது. அதனால் பால்மாடு குடிப்பவர்களுக்குப் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். விடியுமுன் கறந்து, பாத்திரத்தைச் சுமந்து வீடு வீடாக ஊற்றுவார் பால்காரர். தமிழர்களும் இருந்தார்கள், வட இந்தியர்களும் இருந்தார்கள். தண்ணீர் கலக்கிறார் என்ற சந்தேகம் வாடிக்கையாளருக்கு எப்போதும் இருந்தது. அதற்கு மருந்தாக மாட்டையே வாசலுக்கு ஓட்டிவந்து கண் முன்னால் கறந்து கொடுப்பதும் உண்டு. தயிர், மோர், நெய் எல்லாம் இதன் கிளைத் தொழில்கள்.

3. சுற்றும் சக்தி. எள் ஆட்டும் செக்கு, கோதுமை அரைக்கும் ஆலை இரண்டையும் காளைதான் சுற்றியது. செக்கின் அமைப்பு எளிது. கல் அல்லது மரத்தாலான உரல், நடுவில் சாய்ந்து நிற்கும் உலக்கை, உலக்கையோடு பிணைத்த நீண்ட கட்டை, கட்டையின் முனையில் காளை. கட்டை மேல் பாரக்கல்லை ஏற்றுவார்கள், சில நேரம் ஆளே உட்கார்ந்துகொள்வார். காளை வட்டமாகச் சுற்றச் சுற்ற உலக்கை எள்ளை நசுக்கும். எண்ணெய் எடுத்த பின் எஞ்சும் பிண்ணாக்கு காளைக்கே தீனி. கோதுமை ஆலையின் தவிடும் அப்படியே. ஒரு தொழிலின் கழிவு பக்கத்துத் தொழிலுக்கு உணவு என்று முன்னால் சொன்னது இதைத்தான்.

4. இறைச்சி. சிராங்கூன் சாலைப் பட்டிகளுக்குப் பக்கத்திலேயே இறைச்சிக்கூடமும் இருந்தது. வெட்டுபவர், தோலுரிப்பவர், துண்டு போடுபவர், குடல் கழுவுபவர், கூடையில் சந்தைக்குத் தூக்கிப்போகிறவர் எல்லாம் தனித்தனி ஆட்கள்.

5. தோலும் கொழுப்பும் கொம்பும். பச்சைத் தோலில் உப்பு தடவி, சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிர் நீக்கிய பிறகுதான் பதனிட முடியும். சுண்ணாம்பு இங்கேயும் வந்து நிற்கிறது பாருங்கள். காளவாய்க்கும் மாட்டுப்பட்டிக்கும் உறவு இப்படி ஒரு பக்கத்திலும் உண்டு.

6. சாணம். காய்ந்தால் எரிபொருள், மக்கினால் உரம். காய்கறித் தோட்டம் போட்ட சீனர்களுக்கு உரம் பக்கத்திலேயே கிடைத்தது.

இந்த வேலைகளில் நினைவில் நிற்பவை எவை என்று யோசித்தால் ஒன்று புலப்படும். பால்காரர் நிற்கிறார், வண்டிக்காரர் நிற்கிறார். லிட்டில் இந்தியாவைப் பற்றிய சுவரோவியங்களிலும் சுற்றுலாப் படங்களிலும் பூக்கட்டுபவரும் கிளி ஜோசியரும் சுலபமாக இடம்பிடித்துவிடுகிறார்கள். தோலுரித்தவரையும் குடல் கழுவியவரையும் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஊரில் எந்த வேலையைச் செய்தவரை ஊருக்கு வெளியே நிறுத்தினோமோ, அவரை நினைவிலும் வெளியேதான் நிறுத்தியிருக்கிறோம் என்பது என் கணிப்பு. கடல் தாண்டி வந்தும் சாதி வேலைப் பிரிவினையோடு கூடவே வந்தது.

தமிழர்கள் மட்டும்தானா?

இல்லை. ரோத்தான் லேன் என்ற பெயர் பிரம்பிலிருந்து வந்தது. ரோத்தான் என்றால் பிரம்பு. பிரம்பு வேலையில் சீனர்கள் அதிகம். பிரம்பை ஊறவைக்கத் தண்ணீர் வேண்டும் என்பதால் அவர்களுக்கும் இந்த இடம் வசதி. அன்னாசி டப்பாவில் அடைக்கும் ஆலைகளும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இருந்தன. கெர்பாவ் ரோட்டில் இன்று வண்ண வண்ணமாக நிற்கும், எல்லாரும் படம் எடுத்துக்கொள்ளும் அந்த வீடு, டான் டெங் நியா என்ற சீனத் தொழிலதிபருடையது. 1900இல் கட்டியது. சிராங்கூன் சாலையில் அவருக்கு மிட்டாய் ஆலைகள் இருந்தன. லிட்டில் இந்தியாவில் அதிகம் படம் எடுக்கப்படும் வீடுகளில் ஒன்று சீன மிட்டாய் முதலாளியின் வீடு என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

குதிரைக்கும் இடம் இருந்தது. 1843இல் ஃபேரர் பார்க்கில் முதல் குதிரைப் பந்தயம் நடந்தது. 1933இல் புக்கிட் தீமாவுக்கு மாறும்வரை பந்தயத் திடல் அங்கேதான். குதிரையைத் தேய்த்து, தீனி வைத்து, நடத்திப் பழக்கிய ஆட்களைச் 'சைஸ்' என்பார்கள். ஜாவாவுக்கு வடக்கே உள்ள பாவியன் தீவிலிருந்து வந்தவர்களும் இந்தியர்களும் இந்த வேலையில் இருந்தார்கள். கம்போங் கப்போர் பக்கம் குடியிருந்தார்கள். டன்லப் ஸ்திரீட்டில் உள்ள அப்துல் கஃபூர் பள்ளிவாசலுக்கு வந்து தொழுதவர்களில் இவர்களும் உண்டு.

கூலி லைன்

மாடும் சூளையும் ஒருபக்கம் தேய்ந்துகொண்டிருந்தபோது, இன்னொரு பக்கம் புது முதலாளி உருவானது: நகராட்சி. சாலை போட, சாக்கடை தோண்ட, குப்பை அள்ள, தண்ணீர்க் குழாய் பதிக்க ஆள் வேண்டியிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவரும் ஏற்பாடுகளும் மாறிக்கொண்டே வந்தன.

1. முதலில் ஒப்பந்தக் கூலி முறை. கப்பல் செலவை முதலாளி கொடுப்பார். அதைக் கழிக்கும்வரை தொழிலாளி வேலையை விட முடியாது. மலாயாவுக்கு இது 1910இல் நின்றது.

2. அதோடு கூடவே கங்காணி முறை. கங்காணி தன் ஊருக்குப் போய் உறவையும் ஊர்க்காரரையும் சேர்த்துக்கொண்டு வருவார். காகிதத்தில் சுதந்திரம் இருந்தாலும் கடனும் உறவும் கட்டிப்போட்டன. ஊர் ஊராகக் கொத்தாக ஆட்கள் வந்து சேர்ந்ததற்கு இதுவே காரணம்.

3. 1938இல் இந்திய அரசு, உதவிப் பயணத்தில் தொழிலாளர் மலாயாவுக்குப் போவதைத் தடை செய்தது. அதன் பின் வந்தவர்கள் பெரும்பாலும் சொந்தச் செலவில், கடைகளில் வேலை தேடி வந்தவர்கள்.

வேலைக்கு வந்தவர்களை வரிசை வீடுகளில் தங்கவைத்தார்கள். அதுதான் 'கூலி லைன்'. ஓர் அறையில் பலர், பொதுக் குழாய், பொதுக் கழிப்பிடம். காலையில் மண்டோர் பெயர் வாசிப்பார், கிராணி குறித்துக்கொள்வார். சம்பள நாளில் லைனில் இருந்து கிளம்பிய காசு எங்கே போயிற்று? அரிசி, பருப்பு, நல்லெண்ணெய், சுருட்டு, வேட்டி, ஊருக்கு அனுப்பும் பணம். இதில் கடைசியைத் தவிர மற்ற எல்லாம் சிராங்கூன் சாலைக் கடைகளுக்கு. வேலையாட்களின் சம்பளம் இந்தத் தெருவில் சுழலத் தொடங்கியபின்தான் அது கடைத்தெருவாக மாறியது. 1905இல் கப்பலேறி வந்து, மளிகைக் கடையில் வேலையாளாகத் தொடங்கி, பிறகு மளிகையும் துணியுமாகக் கடைகள் வைத்து வளர்ந்த பி. கோவிந்தசாமி பிள்ளையின் வாழ்க்கை இந்த மாற்றத்துக்கு நல்ல உதாரணம்.

ஏன் மறைந்தது?

எல்லாத் தொழிலும் ஒரே நாளில் போகவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம்.

1. சதுப்பு போனது. ஊர் வளர வளரச் சதுப்பை மேடாக்கி வீடு கட்டினார்கள். தண்ணீரும் புல்லும் இல்லாத இடத்தில் எருமை வளர்ப்பது எப்படி?

2. சுகாதார விதிகள் வந்தன. வீடுகளுக்கு நடுவில் மாட்டுப்பட்டியும் இறைச்சிக்கூடமும் இருக்கக்கூடாது என்றார்கள். ஒருகாலத்தில் ஊருக்கு வெளியே இருந்ததால் வந்த தொழில்கள், ஊர் தேடி வந்து சூழ்ந்துகொண்டதால் வெளியேற வேண்டியதாயிற்று.

3. மின்சாரம் வந்தது. 1905இல் டிராம் ஓடியது. 1927இல் செயின்ட் ஜேம்ஸ் மின் நிலையம் திறந்தது. மோட்டார் இருக்கும்போது செக்கில் காளை கட்டுவானேன்?

4. லாரி வந்தது. இதுதான் வண்டிக்காரருக்குக் கடைசி அடி. ஒரு லாரி பல வண்டிச் சரக்கை ஒரே நடையில் அள்ளிக்கொண்டு போய்விடும். அதற்குப் புல்லும் வேண்டாம், லாடமும் வேண்டாம். வண்டிக்காரரோடு கூடவே லாடக்காரர், புல்லுக்காரர், சக்கரக் கொல்லர் என்று ஒரு கூட்டமே வேலை இழந்தது. சிலர் லாரி ஓட்டக் கற்றார்கள், எல்லாருக்கும் அது கைகூடவில்லை.

1930களுக்குள் இந்தச் சாலையில் மாட்டுத் தொழில் ஒடுங்கிவிட்டது. கைதிகளின் செங்கல் சூளைகளும் காளவாய்களும் அதற்கு வெகு முன்பே போய்விட்டன.

இப்போது இருப்பது

தெருப்பெயர்கள் நிற்கின்றன. கோயில்களும் பள்ளிவாசல்களும் நிற்கின்றன. மசாலா அரைக்கும் மில்கள் அதற்குப் பின்னும் நெடுநாள் ஓடின. மல்லியும் மிளகாயும் வறுத்து எடுத்துப்போய் அரைத்து வாங்கிய நினைவு நடுவயதுக்காரர்கள் பலருக்கு இருக்கும். 1915இல் திறந்த பழைய கண்டாங் கெர்பாவ் சந்தை 1982இல் சாலைக்கு எதிர்ப்புறம் புதுக் கட்டடத்துக்கு மாறியது. தேக்கா என்பதையே மாண்டரினில் சொல்லி, சூஜியாவ் நிலையம் என்று பெயர் வைத்துப் பார்த்தார்கள். யாரும் அப்படிச் சொல்லவில்லை. 2000இல் தேக்கா நிலையம் என்றே மாற்றிவிட்டார்கள். அங்கே ஆட்டிறைச்சிக் கடையில் கத்தி தீட்டும் சத்தத்தைக் கேட்டால், இந்த வட்டாரத்தின் பழைய தொழில்களில் ஒன்றாவது இடம் மாறாமல் இருக்கிறது என்று தோன்றும்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டு ஊழியர்கள் இங்கே திரள்வதைப் பார்த்து, வட்டாரத்தின் 'தன்மை' மாறிவிட்டது என்று குறைப்படுபவர்கள் இருக்கிறார்கள். வரலாற்றை வைத்துப் பார்த்தால் இந்தக் குறை நிற்காது. கட்டட வேலை செய்பவர், தங்குவிடுதியில் பலரோடு ஓர் அறையில் இருப்பவர், சம்பளம் வாங்கி ஊருக்கு அனுப்பிவிட்டு மீதியில் அரிசியும் எண்ணெயும் வாங்குபவர், இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இந்தக் கடைத்தெரு உருவானது. புடவைக் கடைக்கு முன்பே கூலிக்காரர் இங்கே வந்துவிட்டார். துவாஸிலும் சுங்கை காடுட்டிலும் இருக்கும் விடுதிகளிலிருந்து இன்று பஸ்ஸிலும் ரயிலிலும் வருகிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

பொங்கல் மாடுகளோ லிம் சூ காங் பக்கத்துப் பண்ணையிலிருந்து வருகின்றன. லாரியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். விழா முடிந்ததும் லாரியிலேயே திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள்.